மச்சத்தை நம்பாத ரெஃப்ரி

சவரிமுத்து சார் போய்விட்டார் என்று மாணிக்கம் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. அச்சகத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீவனஹள்ளியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மாணிக்கம், கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, கையில் கிரீஸோடு வந்து நின்றான்.

“யாரு சொன்னா?” என்றேன்.

“லிங்கராஜபுரத்துலேர்ந்து பஞ்சர் ஒட்ட வந்தவரு சொன்னாரு. பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தாராம். அப்படியே சாஞ்சிட்டாராம்.”

“நீ பாத்தியா?”

“பாக்கல.”

“பாக்காம எப்படிச் சொல்றே?”

மாணிக்கம் கோபித்துக்கொள்ளவில்லை. “அதுக்குத்தான் உன்னக் கூப்பிட வந்தேன். வா, போய்ப் பாத்துட்டு நம்புவோம்,” என்றான்.

வெளியாருக்கு இது ஈரமில்லாத பேச்சாகத் தோன்றலாம். கன்டோன்மென்ட் மைதானங்களில் ரெஃப்ரி சவரிமுத்து சாருடைய விசிலுக்குக் கட்டுப்பட்டுக் கால்பந்து ஆடிய உங்களுக்கு அப்படித் தோன்றாது. கீழே விழுந்து கிடப்பவன் எவனையும் அவர் உடனே நம்பியதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவார். முகத்தைப் பார்ப்பார். “இமை துடிக்குது. எழுந்திரு,” என்பார். ஒருமுறை எதிரணி ஆட்டக்காரர் ஒருவருக்கு நிஜமாகவே கணுக்கால் எலும்பு முறிந்தது. அதையும் இரண்டு பக்கமும் நின்று பார்த்த பிறகுதான் ஸ்ட்ரெச்சருக்குக் கை காட்டினார். அவருக்கு ‘டவுட்டு சவரி’ என்று பெயர் வைத்தது நாங்கள்தான். அது அவருக்கும் தெரியும். யார் முதலில் சொன்னது என்று கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

லிங்கராஜபுரத்தில் அவருடைய தங்கை வீட்டுக் கூடத்தில் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். கறுப்புக் கோட்டு, விரல்களில் ஜெபமாலை, காலில் வெள்ளை சாக்ஸ். நானும் மாணிக்கமும் தலைமாட்டில் நின்றுகொண்டு அந்த இமைகளையே பார்த்தோம். “துடிக்குதா?” என்று மாணிக்கம் என் காதில் கேட்டான். அருகில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த அம்மாள் எங்களை முறைத்தார். துடிக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. இடது காலில் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், சதை இல்லாத அந்த இடம் விண்ணென்று வலித்தது.

அந்த இடத்தின் கதையைச் சொல்லாமல் அவருக்கு நான் அஞ்சலி செலுத்த முடியாது.

ரெஃப்ரி வேலை அவருக்கு மாலையில் மட்டும்தான். பகலில் ரயில்வேயில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. வரும் மூட்டைகளை எல்லாம் முட்டியால் தட்டுவார், முகர்ந்து பார்ப்பார், முடிச்சை இழுத்துப் பார்ப்பார். எங்கள் அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்றை அனுப்புவதற்காக ஒருமுறை போயிருந்தேன். என்னைத் தெரியாதவர் போலவே கேட்டார்: “பத்திரிகைக்கு ஏன் இவ்வளவு கனம்?” கட்டைப் பிரித்தார். உள்ளே பத்திரிகைகள்தான் இருந்தன. ஒன்றை விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரே என்னுடையதைவிட நல்ல முடிச்சாகப் போட்டுக் கட்டினார். “இப்பவும் சந்தேகம் போகல. ஆனா அனுப்பறேன்,” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன்.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. லீக் ஆட்டங்களில் பூட்ஸ் கட்டாயம் ஆகவில்லை. மல்லேஸ்வரம் டீமில் பாதிப் பேர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். ஜீவனஹள்ளியில் நாங்கள் எல்லோரும் வெறுங்கால். கணுக்காலைச் சுற்றி ஒரு பேண்டேஜ் துணி, அவ்வளவுதான். அந்தத் துணிக்குள் தகரத் துண்டையோ கல்லையோ வைத்துக் கட்டிக்கொண்டு எதிராளியின் காலைப் பதம் பார்ப்பவர்களும் இருந்தார்கள். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் ரெஃப்ரி கால்களைச் சோதிக்கலாம் என்பது ஏற்பாடு. மற்ற ரெஃப்ரிகள் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். சவரிமுத்து சார் எங்களைக் கோட்டருகே வரிசையாக உட்கார வைத்து, முட்டி போட்டுக் குனிந்து, ஒவ்வொரு பாதத்தையும் பார்சலைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நகத்துக்கு அடியிலும் பார்ப்பார்.

அப்படித்தான் ஒரு சீசன் ஆரம்பத்தில் என் மச்சத்தைக் கண்டார்.

“இது இன்னா, தாரா?” என்றார். ரோட்டுத் தாரைக் காலில் தடவிக்கொண்டால் பந்து வழுக்காது என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது.

எங்கள் டீமின் செக்ரெட்டரியும் கோல்கீப்பருமான மாணிக்கம் எழுந்து வந்தான். “தாரு இல்ல சார், மச்சம். உள்ளங்கால் மச்சம்! லட்சத்துல ஒருத்தனுக்குத்தான் இருக்கும்.”

சார் நகத்தால் சுரண்டினார். கர்ச்சீப்பில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். விசிலின் பின்பக்கம் கயிறு கோக்கும் இரும்பு வளையம் ஒன்று இருக்குமே, அதை மச்சத்தின் மேல் வைத்தார். மச்சம் வளையத்துக்குள் அடங்கி, சுற்றிலும் இடம் இருந்தது. “சரி, ஆடு. ஆனா இது பெருசாச்சுன்னா நீ தாரு பூசறேன்னு அர்த்தம்,” என்றார்.

இதற்குள் எங்கள் பக்கம் அந்த மச்சம் பெரிய மனிதர் ஆகியிருந்தது. அந்தக் காலால் நான் அடித்த பந்துகள் கோலுக்குள் போயின என்பது உண்மை. தினம் சாயங்காலம் பயிற்சி செய்தேன் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்கு மச்சக்கால் ஏழுமலை என்று பெயர் வந்தது. ஆட்டத்துக்கு முன் மாணிக்கம் அதை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். மற்றவர்களும் வரிசையாக ஒற்றிக்கொள்வார்கள். என் மனைவி சரோஜாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. “ஊரு கையெல்லாம் உன் கால்லதான்,” என்று திட்டுவாள்.

அடுத்த சீசனில் மச்சம் வளையத்தைத் தொட்டது. சார் வளையத்தை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார். பிறகு மண்ணெண்ணெய் வரவழைத்து, துணியில் நனைத்து, தோல் சிவக்கும் வரை தேய்த்தார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. மச்சம் அப்படியே இருந்தது.

“எப்படிப் பெருசாச்சு?” என்றார்.

“கோலு ஏற ஏற அதுவும் ஏறுது சார்,” என்றான் மாணிக்கம். அவன் கேலியாகச் சொல்லவில்லை. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். மச்சம் வளர்ந்தால் யோகம் வளர்கிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

“மச்சம்னா அது பாட்டுக்கு இருக்கணும்,” என்று சார் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். அந்தச் சீசன் முழுவதும் நான் பந்தைத் தொட்டால் அவர் பார்வை பந்தின் மேல் இருக்காது, என் காலின் மேல் இருக்கும். நான் அடித்த ஒரு நல்ல கோலை ஆஃப்சைடு என்று தள்ளினார். அது ஆஃப்சைடு இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அதற்கடுத்த சீசனில் நாங்கள் முதன்முதலாக ஃபைனலுக்கு வந்தோம். எதிரே மல்லேஸ்வரம். ரெஃப்ரி சவரிமுத்து. வழக்கம்போல வரிசையாக உட்கார்ந்தோம். என் முறை வந்தது. வளையத்தை வைத்தார். மச்சம் ஒரு பக்கமாக வழிந்து வளையத்துக்கு வெளியே வந்திருந்தது. ஓரம் கிழிந்த காகிதம் போல ஒழுங்கில்லாமல் இருந்தது. ஒரு மூலை கறுப்பு, ஒரு மூலை பழுப்பு, நடுவில் நீலம் பாய்ந்த மாதிரி. அவர் கட்டைவிரலால் அழுத்தினார். கர்ச்சீப்பில் துளி ரத்தம் ஒட்டியது.

சார் வெகுநேரம் அந்தக் கர்ச்சீப்பைப் பார்த்தார். “இவன் ஆடக் கூடாது,” என்றார்.

“இன்னா சார் இது! தாரு இருந்தா காட்டுங்க!” மாணிக்கம் கத்தினான்.

“தாரு இல்ல. அதான் பயமா இருக்கு. எனக்கு இது இன்னான்னு தெரியல. தெரியாததை உள்ளே விடமாட்டேன். டாக்டர் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், விடறேன்.”

“ஃபைனல் நாளு டாக்டருக்கு எங்க போறது?”

“அது எனக்குத் தெரியாது.”

மைதானமே எழுந்து நின்றது. மாணிக்கம் அவர் நெஞ்சுக்கு நேரே போய் நின்றான். “மல்லேஸ்வரத்துக்காரன்கிட்ட வாங்கிட்டீங்க! சொல்லுங்க, வாங்கிட்டீங்கதானே?” நாங்களும் அதைத்தான் நினைத்தோம். சார் மறுக்கவில்லை. “சந்தேகப்படு. தப்பில்ல. ஆனா அவன் வெளியதான்,” என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார். நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து நாங்கள் தோற்பதைப் பார்த்தேன். அன்று அவர் மேல் எனக்கு இருந்த வெறுப்பை இப்போது எழுதக் கூசுகிறது.

அந்த மனிதரைச் சும்மா விடக் கூடாது என்று மாணிக்கம் தீர்மானித்தான். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் சொல்ல வைத்து, அதைக் கொண்டு அசோசியேஷனில் அவர் விசிலைப் பிடுங்க வேண்டும். நான் டாக்டரிடம் போனது உயிருக்குப் பயந்து அல்ல, பழிவாங்கத்தான்.

டாக்டர் கன்னடக்காரர், அமைதியானவர். “இது யாவாகிந்த இதே?” என்று, எப்போதிலிருந்து இருக்கிறது எனக் கேட்டார். பிறகு எங்களுக்காகத் தமிழுக்கு மாறினார். “மொதல்ல எவ்வளவு இருந்துச்சு? வளந்துதா?”

“நல்லா வளருது டாக்டர்!” என்றான் மாணிக்கம் பெருமையாக. “வருஷா வருஷம் வளருது!”

“நிறம்?”

“அதுவும் மாறுது. மூணு கலர் இருக்குது பாருங்க.”

“ரத்தம் வருதா?”

“இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்கு.”

மாணிக்கத்தின் குரல் கடைசிச் சொல்லில் தானாகவே இறங்கிவிட்டது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் தொடை இடுக்கில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். “மச்சம் அப்படியே இருந்தா மச்சம். மாறிக்கிட்டே இருந்தா அதை நம்பக் கூடாது,” என்றார். “இது கேன்சரா இருக்கலாம். நம்ம ஜனங்களுக்கு இது வந்தா, ஜாஸ்தி உள்ளங்கால்ல, உள்ளங்கையில, நகத்துக்கு அடியில வருது. யாரும் அங்கே பாக்கறதில்ல. உங்களுக்கு யாரு பாத்தாங்க?”

“ரெஃப்ரி,” என்றேன்.

உடனே அட்மிட் ஆகச் சொன்னார். வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், பெரிய வட்டமாகவே எடுக்க வேண்டியிருக்கும், பிறகு பந்து ஆட முடியாது என்றார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று வெளியே வந்தோம். கேட்டைத் தாண்டியதும் மாணிக்கம் என் கையைப் பிடித்து நிறுத்தினான். அவன் ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம் அதற்குள் விசாரித்துவிட்டான்.

“டாக்டரு ஊடு எங்க தெரியுமா? மல்லேஸ்வரம்!”

இன்று சிரிப்பாக இருக்கிறது. அன்று எனக்கு அது நியாயமாகவே பட்டது. அடுத்த சீசனுக்கும் என் காலை ஒழித்துக்கட்ட ஒரு ரெஃப்ரியும் ஒரு டாக்டரும் சேர்ந்துகொண்டார்கள் என்று இரண்டு வளர்ந்த மனிதர்கள் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தோம். சாவைவிட சதியை நம்புவது சுலபமாக இருந்தது.

சரோஜா முழுவதையும் கேட்டாள். எங்கள் இருவரையும் அவள் நம்பவில்லை. டாக்டரையும் நம்பவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு நேராகப் பார்சல் ஆபீசுக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“சார், நெஜத்த சொல்லுங்க. துட்டு வாங்கிக்கினுதான் எங்க ஊட்டுக்காரர வெளிய நிறுத்தினீங்களா?” என்று எல்லோர் எதிரிலும் கேட்டிருக்கிறாள்.

சார் கூடை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்திருக்கிறார். “வாங்கியிருந்தா மட்டும் அந்த மச்சம் சின்னதாயிடுமாம்மா?” என்று கேட்டிருக்கிறார்.

அவள் திரும்பி வந்து, அடுப்படியில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னாள். “அந்தாளு வாங்கினாரோ இல்லியோ, அது வேற கணக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரி. கோலு போடாத புருஷன் எனக்குப் போதும்.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சோதனையில் கேன்சர்தான் என்று வந்தது. உள்ளங்காலில் பெரிய வட்டமாகச் சதையை எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இடுக்கிலும் கத்தி வைத்தார்கள். இன்னும் ஒரு சீசன் ஆடியிருந்தால் காலோடு போயிருக்காது, உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் சரோஜாவிடம் சொன்னாராம்.

வார்டுக்கு முதலில் வந்தவர் சவரிமுத்து சார். கையில் சாத்துக்குடி. நலம் விசாரிக்கவில்லை. போர்வையைத் தூக்கி, காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார்.

“முழுசா எடுத்தாங்களா?”

“எடுத்துட்டாங்க சார்.”

“நீ பாத்தியா?”

“மயக்கத்துல இருந்தேன் சார்.”

“அப்ப உனக்குத் தெரியாது,” என்றவர், ரவுண்ட்ஸ் வந்த டாக்டரை மடக்கினார். “இது திரும்ப வராதுன்னு சொல்லுவீங்களா?”

“சொல்ல மாட்டேன்,” என்றார் டாக்டர். “திரும்ப வரலாம். இவரு காலையும் உடம்பையும் மாசா மாசம் பாத்துக்கிட்டே இருக்கணும். புதுசா ஏதாச்சும் வந்தா, இருக்கறது மாறினா, அன்னிக்கே வரணும்.”

சார் என் பக்கம் குனிந்து, “இவரை நம்பலாம்,” என்றார். அவர் ஒரு மனிதரைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கம்பாஸிட்டராக நின்று எழுத்துக் கோத்த எனக்கு அச்சகத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். கைத்தடியோடு மறுபடி மைதானத்துக்குப் போன முதல் நாள், சார் ஆட்டத்தை ஆரம்பிக்காமல் என்னிடம் வந்தார். நான் நொண்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நெஜமாத்தான் நொண்டறியா?” என்று கேட்டுவிட்டு, கோட்டருகே உட்கார வைத்து, செருப்பைக் கழற்றி, தழும்பைச் சுற்றி வளையத்தை வைத்து வைத்துப் பார்த்தார். மற்றக் காலையும் பார்த்தார். இருபத்திரண்டு பேர் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து அது வழக்கம் ஆகிவிட்டது. மாதம் தவறினால் அச்சகத்துக்கே வந்து, “காலைக் காட்டு,” என்று நிற்பார். பொழுது போகாமல் என் முதலாளியின் காலையும் ஒருநாள் பார்த்தார்.

அவர் மனம் முழுக்க மாறிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். கடைசியாக வந்தபோதும் தழும்பைத் தடவிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இப்பவாவது நெஜத்த சொல்லு. மொத வருஷம் தாருதானே பூசினே?”

“இல்ல சார்.”

“சரி,” என்றார். நம்பவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த சீசனின் முதல் ஆட்டம். பூட்ஸ் போட்ட புதியவர்கள். இளவயது ரெஃப்ரி யார் காலையும் பார்க்காமல் விசில் ஊதினார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. கிளம்பப் போனேன். மாணிக்கம் என் தோளை அழுத்தி, பழைய இடத்தில் கோட்டருகே உட்கார வைத்தான். அவனுக்கும் மூட்டுவலி. முனகிக்கொண்டே முட்டி போட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு சைக்கிள் வாஷரை எடுத்தான்.

“காலைக் காட்டு.”

ஒரு காலத்தில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட இடத்தை அவன் இப்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். தழும்பின் ஓரத்தில் வாஷர் நின்றுவிட்டது.

“இங்க ஒரு கறுப்பு.”

எனக்கு மைதானத்துச் சத்தம் கேட்கவில்லை. மாணிக்கம் நகத்தால் சுரண்டினான். எச்சில் தொட்டுத் தேய்த்தான். போகவில்லை. யாரிடமோ ஓடி, மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு வந்தான். தேய்த்தான். கறுப்பு மெல்லக் கரைந்து துணியில் இறங்கியது.

“தாரு,” என்றான். மறுபடியும் துணியைப் பார்த்து, “தாருதான்டா!” என்று கத்தினான். செருப்பு தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. வெயிலில் இளகிய ரோட்டுத் தார். சவரிமுத்து சார் இத்தனை வருஷம் தேடிய தார், அவர் போன பிறகு என் காலில் வந்து ஒட்டியிருந்தது. நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று பார்ப்பவர்கள் சந்தேகப்படும்படி அழுதோம்.

மாணிக்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாஷரைப் பையில் போட்டான். பிறகு என்ன நினைத்தானோ, மறுபடி எடுத்தான்.

“இன்னொரு காலையும் காட்டு,” என்றான்.

சவரிமுத்து சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். நான் காட்டினேன்.